பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தூசி கிளம்பாமல் பிரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2018 நவம்பரில் கஜா புயல் போன மறுநாள், அம்மா வீட்டுப் பின்கட்டின் பாதிக் கூரை தரையில் கிடந்தது. அதை அள்ளிய விதத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தென்னந்துடைப்பத்தால் பெருக்கினோம், கூடையில் வாரினோம், தெரு மேட்டில் கொட்டினோம். மிச்சமிருந்த பாதியை இரண்டு வருடம் கழித்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டு கழற்றினேன். அதன்பின் உறவுக்காரர், அக்கம்பக்கம் என்று நான்கு வீடுகளில் கூடவே நின்றிருக்கிறேன்.

எல்லா வீட்டிலும் தப்பு ஒரே இடத்தில்தான் நடக்கிறது. ஷீட்டைக் கழற்றிவிட்டு, அதற்கப்புறம் தண்ணீர் எங்கே, பாலித்தீன் எங்கே, இதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தேடுகிறார்கள். அதற்குள் பாதி உடைந்து காலடியில் மிதிபட்டிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் கழற்றும் வேலை ஏழாவதாகத்தான் வருகிறது.

தமிழில் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கல்நார் என்று பெயர். கல்லை உரித்தால் நாராக வரும் கனிமம். கூரை ஷீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்த நார், மீதி பெரும்பாலும் சிமெண்ட். சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கும்வரை நார் காற்றில் கலப்பதில்லை. அறுத்தால், துளைத்தால், உடைத்தால், தேய்த்தால், பெருக்கினால் கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள், மணிக்கணக்கில் காற்றில் நின்று நுரையீரலுக்குள் போய்த் தங்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கீழே உள்ள ஒவ்வொரு படிக்கும் காரணம் இந்தத் தூசி ஒன்றுதான்.

இன்றைக்குத்தான் ஷீட் உடைந்தது, துண்டுகள் தரையில் கிடக்கின்றன என்றால் நேராக 9ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

1. எந்த ஷீட் என்று பார்த்துக்கொள்ளுங்கள்

கடையில் "ஏசி ஷீட்" என்பார்கள். குளிர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது சித்திரையில் அதன் அடியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் என்பதன் சுருக்கம் அது. ஊரில் சிமெண்ட் ஷீட் என்றும் சொல்வார்கள்.

சாம்பல் நிறம், அலை அலையான வளைவு, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கனம், ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம் என்றால் பெரும்பாலும் இதுதான். அடிப்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐ.எஸ். 459 என்ற எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டுக்கான இந்தியத் தர எண்.

எண் அழிந்து போயிருந்தால் கல்நார் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஓரத்தை ஒடித்து நார் தெரிகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. தவிர்க்க நினைத்த தூசியைத் தானே கிளப்பிக்கொள்வதுதான் அதில் கண்ட பலன். கண்ணால் பார்த்துப் பிரித்தறியவும் முடியாது, அதற்கு நுண்ணோக்கி வேண்டும். ஆய்வகத்துக்குக் கொடுப்பதானால் ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் நகத்தளவுத் துண்டை நனைத்து, இரண்டு ஜிப் கவரில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கொடுங்கள். வீட்டுக் கூரைக்கு இந்தச் செலவு தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

புதிதாகப் போட்டது என்பதால் கல்நார் இருக்காது என்று நினைக்கவும் வேண்டாம். இந்தியாவில் வெள்ளைக் கல்நார் (நம் ஊர் ஷீட்டில் இருக்கும் வகை) ஷீட்டுக்குத் தடை கிடையாது, இன்றும் விற்கிறார்கள். கூரையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். மாட்டுக்கொட்டகை, குளியலறைத் தடுப்பு, பழைய செப்டிக் டேங்க்கின் காற்றுக் குழாய், மழைநீர்த் தாரை என்று மிச்சத் துண்டுகள் எங்கெங்கோ இருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டன் 1999இலும் ஆஸ்திரேலியா 2003 இறுதியிலும் கல்நாரை முழுதாகத் தடை செய்தன. அதற்கு முந்தைய வீடுகளில் சுவர்ப் பலகை, குழாய்ச் சுற்று, விட்டப் பூச்சு என்று வேறு உருவங்களிலும் அது இருக்கும், அவற்றில் சில ஷீட்டைவிட எளிதில் உதிரும். அங்கே உரிமம் பெற்றவரைக் கூப்பிடுங்கள். இந்தக் குறிப்பு நம் ஊர்ச் சிமெண்ட் கூரைக்கு மட்டும்.

2. கழற்றத்தான் வேண்டுமா?

விரிசல் இல்லாமல், ஓரம் உதிராமல், யார் கையும் படாத உயரத்தில் இருக்கும் ஷீட்டை அப்படியே விடலாம். பயந்துபோய் நல்ல கூரையை அவசரமாக இடித்து இறக்கினால், பத்து வருடம் அதன் கீழ் சும்மா இருந்து சுவாசித்திருக்கக் கூடியதைவிட அதிகத் தூசியை ஒரே மதியத்தில் சுவாசித்துவிடலாம்.

ஓரங்கள் மாவாக உதிர்கின்றன, போல்ட் ஓட்டைகள் அகன்றுவிட்டன, படுக்கை மேல் சாம்பல் பொடி விழுகிறது, குரங்கு குதித்து அங்கங்கே பிளந்திருக்கிறது, மேலே மாடி எடுக்கப் போகிறீர்கள். இப்படி ஏதாவது இருந்தால் கழற்றுங்கள்.

கழற்றாமல் விடுபவர்கள் செய்யும் பெரிய தப்பு, வெயிலுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்கும்முன் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவது. கழுவும் மெஷினில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும் அதே தப்புதான். இரண்டும் ஷீட்டின் மேல்தோலை உரித்து நாரை வெளியே விடும். நனைத்து, ஸ்பாஞ்சால் மெதுவாகத் துடைத்து, அதன்மேல் அடியுங்கள். பூச்சு நாரைப் பிடித்து வைக்கும் என்பது கூடுதல் நன்மை.

இன்னொரு யோசனை கூரை போடுபவரிடமிருந்தே வரும்: "எதுக்கு சார் கழட்டணும், இது மேலயே கலர் ஷீட்டை வச்சு ஸ்க்ரூ அடிச்சிடலாம்." செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கான இடத்தில் மெஷின் வைத்துக் கல்நாரைத் துளைப்பதாகிவிடும், அந்தப் பொடி முழுதும் கீழே வீட்டுக்குள் விழும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

3. கழற்றியது எங்கே போகும்? முதல் போல்ட்டுக்கு முன் பேசுங்கள்

இதை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இடம் முடிவாகாமல் கழற்றினால் முழு ஷீட் துண்டாகிவிடும். "வண்டியில ஏத்தணும், ஒடைச்சாத்தான் ஏறும்" என்று யாராவது சொல்வார், நீங்களும் சரி என்பீர்கள்.

ஆலைகளிலிருந்து வரும் கல்நார்க் கழிவை 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அபாயகரமான கழிவில் சேர்க்கின்றன. அவ்வகைக் கழிவைப் புதைப்பதற்கென்றே கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடங்களில் தனி நிலம் இருக்கிறது. ஒரு வீட்டின் பத்துப் பன்னிரண்டு ஷீட்டுக்கு அங்கே வண்டி பிடித்துப் போவது எல்லோருக்கும் ஆகிற காரியம் இல்லை. எனவே முதலில் நகராட்சி அல்லது ஊராட்சியின் சுகாதார ஆய்வாளரைப் பாருங்கள். அடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் ஒரு மனு கொடுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் "குப்பை வண்டியில போட்டுடுங்க" என்ற பதில்தான் வரும். மனுவாகக் கொடுத்தால் ஒரு கோப்பு உருவாகிறது, யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதில் வரும்வரை வைத்திருக்க இடம் ஒதுக்குங்கள். பாலித்தீனில் சுற்றிக் கட்டிய முழு ஷீட் கொல்லைப்புறத்தில் ஒரு வருடம் கிடந்தாலும் யாருக்கும் தீங்கில்லை. அவசரப்பட்டுக் கொடுத்துவிடுவதில்தான் தீங்கு இருக்கிறது.

பழைய சாமான் கடைக்குப் போட வேண்டாம். வாங்குபவர் அதை அறுத்து ஆட்டுக்கொட்டகைக்கு விற்பார். உங்கள் வீட்டுக் கோழிக்கூண்டுக்கும் வேண்டாம், கோழி கொத்துகிற உயரத்தில் குழந்தைகளும் நிற்கிறார்கள். உடைத்துத் தரைக்கு அடியில் கொட்டி மேடு ஏற்றும் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய உண்டு. பத்து வருடம் கழித்துக் குழாய்க்குத் தோண்டுபவர் தெரியாமல் அதைக் கடப்பாரையால் குத்துவார்.

4. ஆளும் நாளும்

ஒரு மீட்டர் அகல, 3 மீட்டர் நீள ஷீட் ஒன்று ஏறத்தாழ 40 கிலோ இருக்கும், நனைந்தால் இன்னும் கூடும். மேலே இருவர், கீழே இருவர் வேண்டும். தண்ணீர் தெளிக்க மட்டும் ஒருவர். ஆக ஐந்து பேருக்குக் குறைந்து தொடங்காதீர்கள். தண்ணீர் அடிப்பவரை "சும்மாதானே நிக்கிற, இதையும் பிடி" என்று இழுத்த வீட்டில் கடைசி ஆறு ஷீட்டும் காய்ந்தபடியே இறங்கின.

கூலியை நாள் கணக்கில் பேசுங்கள். மொத்தமாகப் பேசினால் சீக்கிரம் முடிக்கவே பார்ப்பார்கள், அதில் அவர்களைக் குறைசொல்ல முடியாது. "ஒரு ஷீட்கூட உடையக் கூடாது, உடைக்காமல் இறக்கினால் தனியாக இவ்வளவு" என்று முன்பே சொல்லிவிட்டால் வேலை வேறு மாதிரி நடக்கும். இருபது வருடமாக வெறும் மூக்கோடு கல்நாரை அறுத்தவர்கள் அவர்கள். "எனக்கு ஒண்ணும் ஆகல தம்பி" என்பார்கள். வாதம் செய்யாதீர்கள், முகக்கவசத்தை வாங்கிக் கையில் கொடுங்கள், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் போட்டிருந்தால் அவர்களும் போடுகிறார்கள்.

தை, மாசிக் காலைகள் நல்லவை. மழை ஓய்ந்திருக்கும், ஷீட்டில் ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆடிக் காற்றில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். தூசி அடுத்த தெருவரைக்கும் பறக்கும், பாதி கழன்ற ஷீட் ஆளையும் தள்ளிவிடும்.

5. வாங்கி வைக்க வேண்டியவை

முகக்கவசம்தான் முதலில். துணி முகக்கவசமும் துண்டும் இந்த இழையைத் தடுக்காது. கோவிட் காலத்தில் மிஞ்சிய என்-95 வீட்டில் இருக்கும், கல்நார் வேலைக்கு அதையும் நம்ப வேண்டாம். எஃப்எஃப்பி-3 என்று அச்சிட்ட கவசம், அல்லது பி-100 வடிகட்டி பொருத்திய ரப்பர் அரைமுகக் கவசம் வாங்குங்கள். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். தாடி இருந்தால் எந்தக் கவசமும் முகத்தோடு ஒட்டாது, அன்று மட்டும் மழித்துக்கொள்ளுங்கள். போட்டபின் இரண்டு கையாலும் மூடி மூச்சை வெளியே விட்டுப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் பட்டையை இறுக்குங்கள்.

200 மைக்ரான் பாலித்தீன் சுருள். கடையில் கேஜ் கணக்கில் சொல்வார்கள், 800 கேஜ் என்று கேளுங்கள். மெல்லியது ஷீட் முனையில் கிழிந்துவிடும். ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு சுற்று என்று கணக்கிட்டு, தரையில் விரிக்கவும் சேர்த்து வாங்குங்கள். அகலமான டேப் தாராளமாக.

கைத்தெளிப்பான் ஒன்று. டெல்டாவில் எல்லார் வீட்டிலும் வயலுக்கு மருந்தடிக்கும் முதுகு டேங்க் இருக்கிறது, உடனே அதைத்தான் எடுத்து வருவார்கள். வேண்டாம். கழுவினாலும் மருந்து மிச்சம் இருக்கும், அந்தச் சாரலில் தலையை நீட்டி வேலை செய்யப் போவது நாம்தான். பூச்செடிக்கு அடிக்கும் புதுத் தெளிப்பான் போதும்.

பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், தண்ணீரில் கலக்க. வெறும் தண்ணீர் தூசியின் மேல் முத்துமுத்தாக நின்று வழிந்துவிடும். சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

போல்ட் கட்டர், ஸ்பேனர், துருவை இளக்கும் எண்ணெய், ஒரு டின் ஷேவிங் நுரை. நுரை எதற்கு என்று எல்லோரும் சிரிக்கிறார்கள், 7இல் சொல்கிறேன். தூக்கிப் போடத் தயாரான பழைய வேட்டித் துணிகள், ரப்பர் கையுறை, பழைய முழுக்கைச் சட்டை, தலையை மூடும் பிளாஸ்டிக் தொப்பி, கழுவக்கூடிய ரப்பர் பூட்ஸ்.

கட்டிங் மெஷினை இந்த வேலைக்கு எடுத்து வரவே விடாதீர்கள். இருந்தால் யாராவது பயன்படுத்திவிடுவார்கள்.

6. முந்தின நாள்: வீட்டையும் அக்கம்பக்கத்தையும் தயார் செய்தல்

கூரைக்குக் கீழே இருக்கும் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். பாய், தலையணை, துணிமணி முக்கியம், துணியில் ஏறிய இழையை எடுப்பது கடினம். நகர்த்த முடியாத பீரோவைப் பாலித்தீனால் மூடி டேப் ஒட்டுங்கள். தரை முழுதும் பாலித்தீன் விரியுங்கள், மற்ற அறைக்குப் போகும் வாசலையும் மூடுங்கள்.

ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குழாயில்தான் பல வீடுகளில் மின்சார வயரும் ஃபேனும் தொங்கும். தண்ணீர் அடிக்கப் போகிறோம் என்பதால் மெயினை அணைத்து, ஃபேனைக் கழற்றிவிடுங்கள்.

பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லுங்கள். ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள். கொடியில் துணி வேண்டாம், மாடியில் வடகம், வற்றல் காயப்போட வேண்டாம். கிணறு, தண்ணீர்த் தொட்டி, மழைநீர் சேகரிப்புக் குழி இவற்றை மூடுங்கள். கூரையிலிருந்து குழிக்குப் போகும் குழாயைக் கழற்றி விடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை நடக்கும் நாளில் வேறு வீட்டில் இருக்கட்டும்.

ஜே போல்ட் (ஷீட்டைக் குழாயோடு பிடித்திருக்கும் கொக்கி போல்ட்) நட்டுகளுக்கு முந்தின மாலையே எண்ணெய் விட்டு வையுங்கள். துரு இரவு முழுதும் ஊறினால் காலையில் சுத்தியல் தேவைப்படாது.

7. நனைத்து, கழற்றி, முழுசாக இறக்குதல்

கல்நார் நோய் வர வருடங்கள் ஆகும். ஷீட் உடைந்து ஆள் கீழே விழுந்தால் அன்றைக்கே உயிர் போகலாம். பழைய ஷீட் ஆள் பாரத்தைத் தாங்காது, நனைத்தபின் வழுக்கவும் செய்யும். ஆகவே கூடியவரை கீழேயிருந்து சாரம் கட்டிக் கழற்றுங்கள். மேலே ஏறியே ஆக வேண்டும் என்றால் குறைந்தது மூன்று குழாய்ச் சட்டங்கள் மேல் படியும் நீளப் பலகை போட்டு, அதில் மட்டும் இருந்து வேலை செய்யுங்கள். இடுப்பில் பாதுகாப்புப் பெல்ட், கயிறு ஷீட்டில் கட்டாமல் சுவரிலோ இரும்புச் சட்டத்திலோ கட்டப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் அடிப்பக்கத்தை நனையுங்கள். ஒட்டடையும் வருடக்கணக்கான பொடியும் அங்கேதான் இருக்கும். எல்லோரும் மேல்பக்கம் மட்டும் நனைத்துவிட்டு, ஷீட்டைத் தூக்கியதும் தலையில் கொட்டும் காய்ந்த பொடியில் நிற்கிறார்கள். மெல்லிய சாரலாக அடியுங்கள். ஹோஸை அழுத்திப் பீய்ச்சினால் தண்ணீரே பொடியைத் தெறிக்க வைக்கும். அரை மணி நேரம் ஊறவிட்டு இன்னொரு முறை நனைத்துவிட்டுத் தொடங்குங்கள். அதன்பின் ஒவ்வொரு ஷீட்டையும் தொடும்முன் ஒரு தெளிப்பு.

முகட்டு ஷீட்டிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். போட்ட வரிசைக்கு நேர் எதிர் வரிசை இது. மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதால், கீழிருந்து உருவினால் இரண்டும் விளிம்பில் உடையும்.

போல்ட் தலையைச் சுற்றி ஷேவிங் நுரையைக் கெட்டியாக அப்புங்கள். நட்டைத் திருகும்போது தார் வாஷருக்கு அடியில் உரசிக் கிளம்பும் பொடி நுரையிலேயே சிக்கிக்கொள்ளும், பிறகு ஈரத்துணியால் வழித்து எடுத்துவிடலாம். நட்டு சுற்றவில்லையென்றால் போல்ட் கட்டரால் இரும்பை வெட்டுங்கள். கடப்பாரையை ஷீட்டுக்கு அடியில் கொடுத்து நெம்புவதும், சுத்தியலால் போல்ட்டைக் கீழே தட்டுவதும் ஓட்டையைச் சுற்றிக் கையளவு பிளக்கும். நான் பார்த்த உடைந்த ஷீட்டுகளில் முக்கால்வாசி இங்கேதான் உடைந்தன.

கழன்ற ஷீட்டை இழுக்காமல் இருவராகச் சற்றுத் தூக்கி எடுங்கள். இழுத்தால் இரண்டு ஷீட் உரசும், உரசினால் பொடி. கீழே இருப்பவர் கைக்குப் போய்ச் சேரும்வரை விடாதீர்கள். உயரம் அதிகமென்றால் இரண்டு கயிற்றில் தொட்டில் கட்டி இறக்குங்கள். "ஓரமாப் போடுண்ணே" என்ற சத்தம் கேட்டால் வேலையை நிறுத்திவிடுங்கள். ஒரு ஷீட் தரையில் விழுந்து சிதறினால் அதுவரை செய்த அத்தனையும் வீண்.

நடுவில் டீ குடிக்க வேண்டும் என்றால் 10ஆம் பகுதியில் சொல்லும் வரிசையில் கழற்றி, கைமுகம் கழுவிவிட்டு, வேலையிடத்தைத் தாண்டிப் போய்க் குடிக்கச் சொல்லுங்கள். கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிப் பீடி பிடித்துவிட்டு மறுபடி ஏற்றினால், உள்பக்கம் ஒட்டிய தூசியை அவரே சுவாசிப்பார்.

8. சுற்றிக் கட்டி அடுக்குதல்

இறங்கும் ஷீட்டைத் தரையில் வைக்காமல், முன்பே விரித்த பாலித்தீன்மேல் நேராக வையுங்கள். அதன் அடியில் இரண்டு கட்டை போட்டிருந்தால் பிறகு தூக்க விரல் நுழையும். ஈரம் காய்வதற்குள் கட்டிவிட வேண்டும், அதனால் எல்லாம் இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூன்று ஷீட்டுக்கு ஒரு கட்டு. அதற்கு மேல் போனால் நால்வர் சேர்ந்தாலும் தூக்கும்போது நழுவும்.

ஒரு சுற்று, முழு நீளமும் டேப். அதன்மேல் இன்னொரு சுற்று. தடித்த மார்க்கரில் "கல்நார் ஷீட். உடைக்காதீர், அறுக்காதீர்" என்று நான்கு பக்கமும் எழுதுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யாரோ அதைப் பிரிக்க வருவார், அப்போது பேசுவது அந்த எழுத்து மட்டும்தான்.

உடைந்த துண்டுகளுக்குத் தனிப் பொட்டலம். சாக்குப்பை முனையில் கிழியும், பின்னலிடையே பொடியும் கசியும். பாலித்தீனில் சுற்றிவிட்டு வேண்டுமானால் சாக்கில் போடுங்கள்.

9. துடைத்தல் (உடைந்த ஷீட்டை அள்ளுவதும் இதே முறை)

துடைப்பத்தைத் தொடாதீர்கள். வீட்டு வாக்குவம் கிளீனரையும் தொடாதீர்கள். சாதாரண மெஷினின் பை இந்த இழையைப் பிடிக்காது, ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் அறை முழுக்க ஊதும். ஃபேனையும் போடாதீர்கள்.

உடைந்ததும் செய்ய வேண்டியது: எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, கவசம் (எது என்று 5இல் இருக்கிறது) போட்டுக்கொண்டு ஒருவர் மட்டும் உள்ளே போங்கள். சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து எல்லாத் துண்டையும் நனையுங்கள். பெரிய துண்டுகளைக் கையால் எடுத்து பாலித்தீனில் வையுங்கள், சிறியதாக உடைக்காதீர்கள். மிச்சத்தை ஈரத்துணியால் ஒரே திசையில் வழித்து, துணியை உள்பக்கமாக மடித்து அப்படியே கழிவுப் பையில் போடுங்கள். துணியை வாளியில் அலசிவிட்டு மறுபடி துடைக்கும் பழக்கத்தை அன்று விட்டுவிடுங்கள். அலசினால் அந்தத் தண்ணீரும் கழிவுதான், அது கொல்லையில் காய்ந்ததும் இழை மறுபடி கிளம்பும்.

கூரை வேலை முடிந்தபின் இதே முறையில் சட்டங்கள், சுவரின் மேல்விளிம்பு, தரை என்று மேலிருந்து கீழே வாருங்கள். தரையில் விரித்த பாலித்தீனை நனைத்து, நான்கு முனையையும் நடுவுக்கு மடித்துச் சுருட்டுங்கள். அதுவும் கட்டில் சேரும்.

எல்லோரும் மறக்கும் இடம் மழைநீர்த் தாரை. கூரை தேய்ந்து கழுவிய இழை முழுதும் வருடக்கணக்கில் அந்தச் சேற்றில்தான் படிந்திருக்கும். காய்ந்த சேற்றைச் சுரண்டாமல், நனைத்துக் கூழாக்கிக் கரண்டியால் வழித்து எடுங்கள். புதுக் கூரை போட்டு, குழாயை மழைநீர்க் குழியோடு மறுபடி இணைப்பதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

மண் தரையாக இருந்தால் நனைத்துவிட்டு, மேலே ஒரு விரல்கடை மண்ணைச் சுரண்டி எடுத்துப் பையில் கட்டுங்கள். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

10. உடை கழற்றும் வரிசை

வாசலுக்கு வெளியே நில்லுங்கள். போட்டிருக்கும் உடைமேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பூட்ஸைக் கழுவிக் கழற்றுங்கள். சட்டையை உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்றிப் பையில் போடுங்கள். கையுறை, தலைத்தொப்பி அதன்பின். கவசம் கடைசி. உடையை அவிழ்க்கும்போதுதான் முகத்துக்கு நேரே தூசி கிளம்பும் என்பதால் இந்த வரிசை. முதலில் கவசத்தைக் கழற்றி "அப்பாடா" என்று மூச்சு விடுவது எல்லோருக்கும் வரும் ஆசை.

உடனே தலைக்குக் குளியுங்கள். அன்று போட்ட உடையைக் கழிவோடு கட்டிவிடுவதே நல்லது, அதனால்தான் பழைய சட்டை போடச் சொன்னேன். வேலையாட்களுக்கும் மாற்று உடையும் குளிக்கத் தண்ணீரும் வையுங்கள். வேலை உடையோடு வீட்டுக்குப் போனால், குழந்தை ஓடி வந்து கட்டிக்கொள்ளும். வேலைக்குப் போனவரின் துணியைத் துவைத்தே நோய்வாய்ப்பட்ட பெண்கள் உலகம் முழுவதும் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள்.

11. ஏற்கெனவே தூசியைச் சுவாசித்துவிட்டால்

கஜாவின்போது நாங்கள் பெருக்கினோமே, அதுபோல. ஒருநாள், ஒருமுறை சுவாசித்தவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் வருடக்கணக்கில் அந்தத் தூசியிலேயே வேலை செய்தவர்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுநாளே எக்ஸ்ரே எடுக்க ஓடவும் வேண்டாம். நேற்றுப் போன இழை எக்ஸ்ரேயில் தெரியாது. கல்நார் தொடர்பான நோய்கள் வெளிப்பட 10 முதல் 40 ஆண்டு, அதற்கு மேலும்கூட ஆகும். இழையை வெளியேற்ற மருந்தோ கஷாயமோ கிடையாது, யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

செய்யக்கூடியது இரண்டு. பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் விடுங்கள். புகையும் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு, தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு ஏறுகிறது. இரண்டாவது, ஒரு நோட்டில் தேதி, எவ்வளவு நேரம், என்ன செய்தீர்கள், யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். முப்பது வருடம் கழித்து நினைவு உதவாது.

கூரை போடுவதையே தொழிலாகச் செய்தவர், ஷீட் ஆலையில் வேலை பார்த்தவர் வீட்டில் இருந்தால் கதை வேறு. நெஞ்சு மருத்துவரிடம் கூட்டிப்போய் எத்தனை வருடம், என்ன வேலை என்பதைச் சொல்லி, எக்ஸ்ரேயும் நுரையீரல் ஊதல் பரிசோதனையும் எடுங்கள். கல்நார் தூசியால் நுரையீரல் இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. பழைய சம்பளச் சீட்டு, ஈஎஸ்ஐ அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

விடாத வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது என்று வந்தால் நம் ஊர் மருத்துவர் முதலில் காசநோய்க்குத்தான் சளியைச் சோதிப்பார். அது சரிதான், அந்தச் சோதனையை எடுங்கள். சளியில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் இருமல் நிற்காவிட்டால், "நான் இத்தனை வருடம் ஷீட் அறுத்தேன் டாக்டர்" என்பதை நீங்களாகச் சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார், கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் வாய்ப்பில்லை.